டர்பன் மின்சாரக் கார் சார்ஜர்கள்: ஆப்பில் பச்சை, நேரில் சார்ஜ் ஏறவில்லை. எப்படி மதிப்பிடுவது? புது இடம் எப்படித் தேர்வு செய்வது?

சாட்ஸ்வர்த்_குழு:
வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம் எத்தெக்வினி (டர்பன்) நகராட்சிக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். இப்போதுள்ள பொதுச் சார்ஜர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது ஒரு பகுதி. சாட்ஸ்வர்த்தில் நூலக வாகன நிறுத்தம், கோயில் மைதானம் இரண்டில் எது புதுச் சார்ஜருக்குப் பொருத்தம் என்பது மறுபகுதி. ஆப்பில் பச்சை காட்டும் சில பாயின்ட்களில் சார்ஜ் ஏறவில்லை. 22 கிலோவாட் என்று எழுதிய இடத்தில் கார் 7 தான் காட்டுகிறது. இதெல்லாம் பழுதுதானா?

மின்மினி_பீனிக்ஸ்:
7 வருவது பழுது இல்லை. 22 என்பது மூன்று ஃபேஸிலும் (மின்சாரம் வரும் மூன்று தனி லைன்கள்) 32 ஆம்பியர் எடுக்கும் காருக்கு உரிய கணக்கு. காருக்குள் இருப்பது ஒரு ஃபேஸ் சார்ஜர் என்றால் 230 வோல்ட், 32 ஆம்பியர், 7.4 கிலோவாட்டோடு முடிந்தது. அறிக்கையில் சார்ஜரில் எழுதிய அளவையும் கார் எடுத்த அளவையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள்.

பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜர் கடைசியாகத் தன்னைப் பற்றி என்ன சொன்னதோ அதைத்தான் ஆப் காட்டுகிறது. சிம் கார்டு இணைப்பு அறுந்தபின் சர்வர் அதைக் கவனிக்காவிட்டால் பச்சை அப்படியே நிற்கும். கடைசியாக வெற்றிகரமாக சார்ஜ் ஆனது எப்போது என்று நடத்துபவரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு நிமிடத்துக்குள் அறுந்த சார்ஜ், உடனே பக்கத்து பாயின்ட்டில் அதே கார்டு: இப்படி வரும் பதிவெல்லாம் தோல்விதான்.

நேரில் போகும்போது காரை நம்பிச் சோதிக்க வேண்டாம், டைப் 2 டெஸ்டர் அடாப்டர் (கார் செருகியதுபோல் சார்ஜருக்குக் காட்டும் கருவி) எடுத்துப் போங்கள். பைலட் கம்பியில் (காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் கம்பி) ஒன்றும் செருகாதபோது 12 வோல்ட், செருகினால் 9, சார்ஜ் கேட்டால் 6. 6-க்கு வந்தும் உள்ளே கான்டாக்டர் (மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) 'டக்' என்று விழவில்லை என்றால் குறை சார்ஜரில். காரைச் செருகும்போது மட்டும் 9-லேயே நின்றால் கார் கேட்கவில்லை, பெரும்பாலும் அதன் டைமர். கடற்கரையோரப் பாயின்ட்களில் சாக்கெட்டின் மேல் வரிசையில் உள்ள இரண்டு சிறிய முட்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூஞ்சை போல் உப்பு அரித்திருந்தால் பைலட் வோல்டேஜ் தப்பாகப் படிக்கும், தொடங்கித் தொடங்கி நிற்கும்.

டிசி சார்ஜரை (பேட்டரிக்கு நேர்மின்சாரம் தரும் வேகச் சார்ஜர்) பேட்டரி 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது சோதியுங்கள். 80 தாண்டினால் வேகத்தைக் காரே குறைத்துவிடும். இரட்டைக் குழாய் 60 கிலோவாட் மெஷினில் பக்கத்துக் கார் நின்றால் பங்கு 30 ஆகலாம், அதையும் குறியுங்கள்.

டோங்காட்_வயர்மேன்:
இடத்துக்கு வருவோம். முதலில் மெயின் பிரேக்கர் அளவு, ஒரு வார மின் ஓட்டத்தைக் குறித்து வைக்கும் லாகர் பதிவு, டிபி போர்டிலிருந்து (மின்சாரம் பிரியும் பெட்டி) தூரம். இவை இல்லாமல் எந்த இடத்தையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

சாட்ஸ்வர்த்_குழு:
அண்ணா, நூலகத்தில் மூன்று ஃபேஸ் 100 ஆம்பியர். உச்சம் மாலையில் சிவப்பு ஃபேஸில் 60 ஆம்பியர், வெள்ளையில் 44, நீலத்தில் 38. தூரம் 80 மீட்டர். ஒரு 60 கிலோவாட் டிசி வைக்கலாமா?

டோங்காட்_வயர்மேன்:
முடியாது. 60 கிலோவாட் டிசி இழப்பையும் சேர்த்து ஃபேஸுக்கு 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நூலகம் ஏற்கெனவே 60 எடுக்கிறது. டிசியை என்3 நெடுஞ்சாலைக்கு விடுங்கள். நூலகத்தில் ஆட்கள் இரண்டு மணி நேரம் இருப்பார்கள், அதற்கு 7.4 கிலோவாட்டே சுமார் 80 கிலோமீட்டர் தந்துவிடும்.

ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று 7.4 கிலோவாட் போஸ்ட் (கம்பச் சார்ஜர்) போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் கோத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சிவப்பில் 60-உம் 32-உம் சேர்ந்து 92, நெருக்கம். நூலகத்தின் குளிரூட்டி ஒன்றை நீலத்துக்கு மாற்றுங்கள், அல்லது அந்தப் போஸ்ட்டை 16 ஆம்பியரில் கட்டுப்படுத்துங்கள். மெயினில் சிடி (மின் ஓட்டத்தை அளக்கும் வளையம்) மாட்டி, மொத்தச் சுமைக்கேற்ப சார்ஜைத் தானே குறைக்கும் லோட் மேனேஜ்மென்ட் வைத்தால் இன்னும் நல்லது.

கேபிள்தான் பலரும் கோட்டை விடும் இடம். ஒரு கார் மட்டும் 32 ஆம்பியர் இழுத்தால் 80 மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பில் ஏறக்குறைய 19 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும், 8 சதவீதம். விதி 5 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. 10 போட்டால் 4.9, மீட்டர் முதல் போர்டு வரையிலான பகுதிக்கு மிச்சமே இல்லை. 16 போடுங்கள், 3 சதவீதத்தில் நிற்கும்.

எர்த் லீக்கேஜ் (மின்கசிவில் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) பழைய வகை என்றால் காரிலிருந்து கசியும் டிசி அதைக் குருடாக்கிவிடும். சார்ஜருக்குள் 6 மில்லிஆம்பியர் டிசி கண்டறிதல் இருக்கிறதா என்று அதன் விவரத் தாளில் பாருங்கள், இல்லாவிட்டால் டிசி கசிவையும் உணரும் டைப் பி எர்த் லீக்கேஜ் வேண்டும். சிஓசி (மின் இணைப்பு விதிப்படி இருப்பதற்கான சான்றிதழ்) இல்லாமல் இயக்கக் கூடாது.

சாட்ஸ்வர்த்_குழு:
கோயில் மைதானத்தைத்தான் பெரியவர்கள் விரும்புகிறார்கள்.

மின்மினி_பீனிக்ஸ்:
புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா, யோசியுங்கள். காவடி, தேர் நாட்களில் உங்கள் மைதானமும் அப்படித்தான். மற்ற நாட்களில் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது? பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பவருக்கு வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லை, அவருக்கு இரவுதான் தேவை. இரவில் திறந்திருக்கும், வெளிச்சம் உள்ள இடம் என்றால் மைதானத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். பூட்டினால் நூலகமே மேல்.

டோங்காட்_வயர்மேன்:
2022 ஏப்ரல் வெள்ளத்தில் மைதானத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் டேப்பால் அளந்து, சார்ஜர் பீடத்தை அதற்கு மேலே ஏற்றுங்கள்.

சாட்ஸ்வர்த்_குழு:
கேட் இரவு 9-க்குப் பூட்டுகிறது. நூலகத்தை முதலில் எழுதுகிறோம். சனிக்கிழமை டெஸ்டரோடு கிளம்புகிறோம், பதிவுகளை இங்கேயே போடுகிறேன்.