தோப்பு டிரெய்லரின் இழுவைத் தண்டில் மறுபடியும் விரிசல்: வெல்டிங் மட்டும் போதுமா?

தென்னந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் தோப்பில், மினி டிராக்டருக்குப் பின்னால் இழுப்பதற்காக உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கிய இரு சக்கர டிரெய்லர் இருக்கிறது. தளம் 2,400 மி.மீ. நீளமும் 1,200 மி.மீ. அகலமும் கொண்டது. சட்டம் முழுவதும் 75 மி.மீ. சேனல் (ப வடிவ இரும்பு), தளத்துக்கு 3 மி.மீ. தகடு. பழைய கார் ஒன்றின் பின் ஆக்சிலைத் தளத்தின் சரிபாதியில் லீஃப் ஸ்பிரிங்குடன் பொருத்தியிருக்கிறார்கள். நடுவில் ஒற்றைச் சேனலாக வரும் இழுவைத் தண்டு தளத்துக்கு முன்னால் ஒரு மீட்டர் நீண்டு டிராக்டரின் கொக்கியில் மாட்டுகிறது. ஏற்றுவது சுமார் ஒரு டன் தேங்காய்.

இழுவைத் தண்டு முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நுழையும் இடத்தில், வெல்டிங்கை ஒட்டி மேல் விளிம்பில் முதலில் விரிசல் விட்டது. பட்டறையில் அதன்மேல் ஒரு வரிசை வெல்டிங் ஓட்டிக் கொடுத்தார்கள். இப்போது அந்த வரிசை முடியும் இடத்திலிருந்து புதிய விரிசல் கிளம்பியிருக்கிறது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது கொக்கியில் மேல்நோக்கித் தட்டும் சத்தமும் கேட்கிறது. மறுபடியும் வெல்டிங் வைத்தால் போதுமா, அல்லது தண்டையே பெரிய சேனலாக மாற்ற வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரும்புப்பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. விரிசலின் மேல் ஓட்டும் வெல்டிங் எதையும் தாங்காது. அடியில் விரிசல் அப்படியே இருக்க, அதன்மேல் ஒரு மூடி மட்டும்தான் விழுகிறது. முதலில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவுங்கள். சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வந்து விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் நீளத்தைவிட அது பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். அந்த முனையில் 6 மி.மீ. துளை ஒன்றைப் போட்ட பிறகு, கிரைண்டரால் விரிசலை அடிவரை வி வடிவில் தோண்டி எடுத்துவிட்டு, வேரிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நிரப்பிய இடத்தைத் தகட்டுடன் சமமாகத் தேய்த்துவிட வேண்டும். மேடாக நிற்கும் வெல்டிங் பார்வைக்குப் பலமாகத் தெரிந்தாலும், அதன் ஓரத்தில்தான் அடுத்த விரிசல் பிறக்கும்.

வெல்டிங் ராடு வகைகளில், சாதாரண 6013 ராடு இந்த வேலைக்கு ஆகும் என்றாலும், குறைந்த ஹைட்ரஜன் வகையான 7018 ராடு இன்னும் நல்லது. ஆனால் மழைக்காலத்தில் திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து எடுத்த 7018-ஐப் பயன்படுத்துவதைவிட, காய்ந்த 6013 ராடே மேல். ஈரம் இழுத்த 7018 தன் குணத்தையே இழந்துவிடும், அதை மறுபடி ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காயவைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வலுப்படுத்தும் தகடு. பலரும் மேல் விளிம்பில் ஒரு சதுரத் தகட்டை வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் சுற்றிவிடுகிறார்கள். உங்கள் தண்டு உடைந்த காரணமே விளிம்புக்குக் குறுக்கே ஓடிய வெல்டிங்தான் என்பதால், அதே இடத்தில் இன்னொரு குறுக்கு வெல்டிங்கைச் சேர்க்கக் கூடாது. 6 மி.மீ. தகட்டைச் சேனலின் செங்குத்துப் பக்கத்தில், விரிசலுக்கு முன்னும் பின்னும் 200 மி.மீ. நீளும்படி வைத்து, இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, நீளவாக்கில் மட்டும் வெல்டிங் செய்யுங்கள்.

வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை (மின்னோட்டம் இயந்திரத்துக்குத் திரும்பும் கம்பியின் கவ்வியை) வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். அதைச் சக்கரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். டிராக்டரையும் கழற்றி விலக்கிவிடுங்கள்.

இயந்திரவியல்_ஆசிரியர் எழுதியது:

மேலே நண்பர் சொன்ன பழுதுபார்க்கும் முறை சரியானது. ஆனால் விரிசல் மேல் விளிம்பில் தொடங்கியிருப்பதை நாம் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. கொக்கியின்மீது தண்டு கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தால், கொக்கி தண்டின் நுனியை மேல்நோக்கித் தாங்கும். அப்போது தண்டின் அடிப்பக்கம்தான் இழுவிசைக்கு உள்ளாகும். மேல்பக்கம் இழுபட்டு விரிகிறது என்றால், தண்டின் நுனி மேலே எழும்ப முயன்று, கொக்கி அதைக் கீழே பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். நீங்கள் கேட்கும் தட்டல் சத்தமும் இதையே உறுதிப்படுத்துகிறது. அதாவது வண்டி பின்பாரமாக ஓடுகிறது.

காரணம் ஆக்சில் இருக்கும் இடம். தளத்தின் சரிபாதியில் ஆக்சில் இருப்பதால், சீராகப் பரப்பிய ஒரு டன் சுமையின் ஈர்ப்பு மையம் நேராக ஆக்சிலின் மேலேயே விழுகிறது. கொக்கிக்கு அந்தச் சுமையிலிருந்து எதுவும் வருவதில்லை. கொக்கியிலிருந்து ஆக்சில் வரை உங்களுக்கு 2,200 மி.மீ. தூரம். குவியல் 100 மி.மீ. பின்னால் சரிந்தாலே, 1,000 கிலோவை 100-ஆல் பெருக்கி 2,200-ஆல் வகுத்தால் வரும் சுமார் 45 கிலோ கொக்கியை மேலே தூக்கும். சரியாமல் இருந்தாலும் மேடு ஏறும்போது இதே நிலைதான்: சுமையின் மையம் ஆக்சிலுக்கு மேல் 600 மி.மீ. உயரத்தில் இருந்து, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏறினால், அந்த மையம் 60 மி.மீ. பின்னால் போய்விடும். வெறும் தண்டின் எடை இதைச் சற்றே ஈடுகட்டும், அவ்வளவுதான். சமதளத்தில் கீழேயும் மேட்டில் மேலேயுமாக விசை மாறி மாறி வருவதை வெல்டிங் ஓரம் நெடுநாள் தாங்காது.

ஆக்சிலை 250 மி.மீ. பின்னால் நகர்த்தினால், தூரம் 2,450 மி.மீ. ஆகி, ஒரு டன் சுமையில் சுமார் 100 கிலோ கொக்கியில் இறங்கும். இந்தப் பத்து சதவீதம் உங்கள் வண்டிக்கு நியாயமான அளவு, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்புக்கும் நல்லது. அதற்கு மேல் பின்னால் தள்ள வேண்டாம், மினி டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் இலேசாகிவிடும்.

சேனலை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 75 மி.மீ. சேனலின் வெட்டுமுகக் குணகம், அதாவது வளைவை எதிர்க்கும் வலிமையின் அளவு, சுமார் 20 கன செ.மீ.; 100 மி.மீ. சேனலுக்கு அது 37-ஐ ஒட்டி வரும். ஒரு மீட்டருக்கு இரண்டரைக் கிலோ எடை கூடுவதற்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு வலிமை கிடைப்பதால், தண்டை மாற்றுவதே இலாபம் என்பது என் கருத்து. இடம் இருந்தால், ஒற்றைத் தண்டுக்குப் பதிலாக இரு பக்கச் சட்டங்களிலிருந்தும் புறப்பட்டு முன்னால் கூடும் முக்கோண அமைப்பாகச் செய்வது இன்னும் நல்லது. பக்கவாட்டு ஆட்டமும் குறையும்.

தென்னந்தோப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காய்ப்பறி முடிந்ததும் முக்கோண அமைப்பையே 100 மி.மீ. சேனலில் செய்யச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலை நகர்த்துவதற்குப் பதிலாகத் தளத்தை முன்பக்கம் நீட்டிவிட்டால் அதே பலன் கிடைக்குமா? தளம் பெரிதானால் எனக்கும் வசதி. அதே கார் ஆக்சிலை வைத்துக்கொள்ளலாமா என்றும் தயவுசெய்து சொல்லுங்கள்.

சாலையோரம் எழுதியது:

தளத்தை முன்னால் நீட்டினால் மையம் முன்னால் வரும் என்பது உண்மைதான். ஆனால் நீட்டிய இடத்திலும் தேங்காய் ஏறும், அதன் எடையை யார் சுமப்பது? உங்கள் டயரின் பக்கச்சுவரில், அளவு எழுதியிருக்கும் வரியின் கடைசியில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண் 88 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோதான். இரண்டு 88 டயர்கள் சேர்ந்து 1,120 கிலோ. உங்கள் டிரெய்லரின் சொந்த எடையே 300 கிலோவுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். தளத்தகடு மட்டுமே 68 கிலோ வருகிறது. அதோடு ஒரு டன் சேர்ந்தால் இப்போதே கணக்கு மீறுகிறது. எனவே தளத்தை நீட்ட வேண்டாம், ஆக்சிலையே நகர்த்துங்கள்.

பழைய கார் ஆக்சிலை வைத்துக்கொள்வதானால் சுமையை 700 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு டன் ஏற்றியே ஆக வேண்டும் என்றால், டிரெய்லருக்கென்றே விற்கும் கனமான ஆக்சிலும் அதற்கேற்ற டயரும் போடுவதுதான் முறை. இன்னொன்று: சில கார்களின் பின் ஆக்சிலில் உள் தண்டுதான் சக்கரத்தையே தாங்கி நிற்கிறது. எடையைக் குறைக்கிறேன் என்று பட்டறையில் அந்தத் தண்டுகளைக் கழற்றச் சொன்னால், சக்கரம் தனியே கழன்று ஓடிவிடும். டிரம் பிரேக் அப்படியே இருந்தால் அதைப் பழுதுபார்த்து ஒரு கைப்பிடியாவது வையுங்கள், ஏனென்றால் மேட்டில் நிறுத்திய டிரெய்லரைக் கல் வைத்துத் தடுப்பது நம்பக்கூடிய வழி அன்று.

தார்ச்சாலையில் ஏற்றிச் செல்வதாக இருந்தால் பதிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதன் வரையறைக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. அதன் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லரில் காட்ட வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே, வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

ஆக்சிலை நகர்த்தும்போது ஸ்பிரிங் தாங்கிகள் இரண்டும் கொக்கியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று, கொக்கித் துளையிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் மையத்துக்கும் டேப் பிடித்து அளந்த பிறகே முழு வெல்டிங் வையுங்கள். 5 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். முதல் சுமையை இறக்கியதும், ஆக்சிலை ஸ்பிரிங்குடன் பிணைக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புதிதாக அமர்ந்த ஸ்பிரிங் கட்டு சற்றே இறங்கியிருக்கும்.