மேன்டில் திடமான கல்லுன்னா, மாக்மா எங்கிருந்து வருது?

புலாவ்தீக்கூஸ்வாசி:
வணக்கம் நண்பர்களே. மகள் படிவம் 4. பூமியோட உட்பகுதியைப் படம் வரைஞ்சு, மேலோட்டுக்குக் கீழ இருக்கிற மேன்டில் அடுக்குக்கு ஆரஞ்சு கலர் அடிச்சு வச்சிருக்கா. "அது பூரா உருகின குழம்புப்பா"ங்கறா. நான் தேடிப் பார்த்தா மேன்டில் திடமான கல்லுன்னு போட்டிருக்கு. நிலநடுக்கத்தோட எஸ் அலை திரவத்துல பாயாதாம், ஆனா மேன்டில்ல பாயுதாம். அப்ப எரிமலையில கொட்டுற மாக்மா எங்கிருந்து வருது? இன்னொண்ணு, இங்க பினாங்குல தண்ணீர்மலைப் படி ஏறும்போது பக்கத்துல பெரிய பெரிய கருங்கல் பாறை கிடக்குதே, அதுவும் மேன்டில்ல இருந்து வந்ததுதானா?

செந்தூல்பையன்:
உள்ள சூடு, உருகுது. இதுக்கெல்லாம் ஒரு கேள்வியாண்ணே!

கோர்பாக்ஸ்:
சூடு மட்டும்தான் காரணம்னா மேன்டில் முழுக்க உருகியிருக்கணுமே தம்பி. மகள்கிட்ட கலரை மாத்தச் சொல்லுங்கண்ணே, ஒலிவின் கல்லு பச்சை.

மேன்டில்ல இருக்கிறது பெரிடோடைட். ஒலிவினும் பைராக்சினும் கலந்த கனமான கல். மேல தரைமட்டத்துல வச்சுச் சூடாக்கினா 1,100 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் உருக ஆரம்பிச்சுரும். 100 கிலோமீட்டர் ஆழத்துல அதைவிடச் சூடு அதிகம், ஆனாலும் உருகாது. மேல இருக்கிற பாரம் அமுக்க அமுக்க உருகுற வெப்பநிலையும் ஏறிக்கிட்டே போகும். அதனால உருக வைக்கணும்னா புதுசா சூடு ஏத்த வேண்டியதில்லை. அழுத்தத்தைக் குறைச்சாலே போதும். நடுக்கடல் முகட்டுல, அதாவது பூமியோட மேல்தட்டு ரெண்டு விலகுற இடத்துல, அதுதான் நடக்குது. கீழேயிருந்து சூடான கல் திடமாவே மெதுவா மேல ஏறும், சூடு அவ்வளவா குறையாது, அழுத்தம் மட்டும் குறையும், உருக ஆரம்பிச்சுரும்.

இன்னொரு வழி தண்ணி. சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலோட தரை தீவுக்கு அடியில போய்ச் சொருகுது. அந்தக் கல்லோட கனிமத்துக்குள்ள மாட்டியிருக்கிற தண்ணி சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்துல பிழிஞ்சு வெளியே வந்து, மேல இருக்கிற மேன்டிலுக்குள்ள ஏறுது. தண்ணி சேர்ந்தா உருகுற வெப்பநிலை சில நூறு டிகிரி இறங்கிரும். சினாபூங், தோபா எரிமலை எல்லாம் அந்த வரிசைதான்.

இதைவிட முக்கியம், மேன்டில் என்னைக்கும் முழுசா உருகாது. சின்ன வயசுல ப்ளாஸ்டிக் குழாயில ஐஸ்கிரீம் மலேசியா வாங்கிச் சாப்பிட்டிருப்பீங்க. உறிஞ்ச உறிஞ்ச சர்பத்து முழுக்க முதல்ல வந்துரும், கடைசியில வெறும் வெள்ளை ஐஸ்தான் மிஞ்சும். அதே கதைதான் இங்கயும். நடுக்கடல் முகட்டுக்கு அடியில நூத்துக்குப் பத்து இருபது பங்குதான் உருகும். சிலிக்கா, அலுமினியம், கால்சியம் அதிகமா உள்ள அந்தக் குழம்பு மேல ஏறி உறைஞ்சா பசால்ட்ங்கற கறுப்பு எரிமலைக் கல். சத்தெல்லாம் போன மிச்சம், பெரும்பாலும் ஒலிவின், கீழயே தங்கிரும். உருகுற பங்கு இன்னும் குறைஞ்சா சோடியம், பொட்டாசியம் தூக்கலான வேற மாதிரி பசால்ட் வரும். ஒரே கல்லுதான், எவ்வளவு உருகுச்சுங்கறதைப் பொறுத்துக் குழம்பு மாறுது.

புலாவ்தீக்கூஸ்வாசி:
ஆஹா, இது புரியுது. அப்ப தண்ணீர்மலைக் கல்லு?

கோர்பாக்ஸ்:
அது மேன்டில் பிள்ளை இல்லண்ணே, பேரப்பிள்ளைன்னு வேணா சொல்லலாம். பினாங்குத் தீவுல பெரும்பகுதி கிரானைட்தான். நான் போர்ஹோல் போடுற வேலையில இருக்கேன், துளை போட்டு எடுத்த அந்தக் கல் துண்டை கோர் பாக்ஸ்ங்கற பெட்டியில வரிசையா அடுக்கிப் பார்க்கிறதுதான் தினசரி பிழைப்பு. தண்ணி தெளிச்சுத் துடைச்சா வெளேர்னு ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், நடுநடுவே நகத்தால உரிச்சா ஏடு ஏடா வர்ற கறுப்பு பயோடைட். மேன்டிலை நேரா உருக்கினா இவ்வளவு சிலிக்கா கிடைக்காது. சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு நிலத்துண்டு முட்டிக்கிட்டப்போ கண்டத்து மேலோடு தடிச்சுப்போய், ஆழத்துல புதைஞ்ச பழைய படிவுப் பாறை உருகி வந்ததுதான் இதுல பெரும்பங்கு. பூமிக்குள்ளயே நிதானமா ஆறினதாலதான் படிகம் இவ்வளவு பெருசு. அந்த முட்டின தழும்பு பகாங்குல பெந்தோங், ரவூப் வழியா போகுது. அங்க செரோ பக்கம் செர்பென்டினைட் இருக்கு. மேன்டில் கல்லு தண்ணி குடிச்சுப் பச்சையா மாறினது. மேன்டிலைத் தொட்டுப் பார்க்கணும்னா அதுதான் நமக்குக் கிட்ட.

இதே வேலை உறையும்போது தலைகீழா நடக்கும். ஈயம், அதாவது டின்னுங்கற வெள்ளீயம், முதல்ல உறையுற கனிமங்கள்ல சேராது, கடைசிச் சொட்டுக் குழம்புல, சுடுநீர்ல போய்த் திரளும். அதான் பேராக் கிந்தாவுல இருந்த ஈய லம்பம், ஈயச் சுரங்கம். 1857-ல ஈயம் தேடி அம்பாங்குக்கு ஆள் போனதும், கேஎல் (கோலாலம்பூர்) ஊரானதும் அந்தக் கடைசிச் சொட்டால.

செந்தூல்பையன்:
சரிண்ணே, வாபஸ் வாங்கிக்கிறேன். பேராக் லெங்கோங்குல எரிமலைச் சாம்பல் இருக்குன்னு போனப்போ சொன்னாங்க, நம்ம நாட்டுல எரிமலையே இல்லையே?

கோர்பாக்ஸ்:
அது தோபாவோட சாம்பல், சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சது. அங்க குழம்பு கண்டத்து மேலோட்டையும் உருக்கிச் சேர்த்துக்கிட்டு சிலிக்கா ஏறிக் கெட்டியாப் போனதாலதான் அவ்வளவு பெரிய வெடிப்பு.

நம்ம நாட்டுலயும் மேன்டில்ல இருந்து நேரா வந்த குழம்பு உறைஞ்ச இடம் உண்டு. செகாமட்டுலயும் குவாந்தான்லயும் பசால்ட் இருக்கு. குவாந்தான் கல்லு வெயிலும் மழையும் பட்டு மக்கினதுதான் பாக்சைட், அலுமினியம் எடுக்கிற மண். 2015-ல லாரி போன ரோடெல்லாம் செக்கச்செவேல்னு கிடந்துச்சே, ஞாபகமிருக்கா? அந்த மண்ணேதான்.