25 வருட விஸ்கியில் கார்க் உடைந்து விழுந்துவிட்டது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, அனுபவசாலிகளிடம் ஒரு யோசனை வேண்டும்.

எட்டு வருடமாகப் பத்திரப்படுத்திய கிளென்ஃபார்க்ளாஸ் 25 என்ற ஸ்காட்ச் விஸ்கி பாட்டிலை நேற்றிரவு திறந்தேன். கார்க் பாதியில் முறிந்து தூள் உள்ளே விழுந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், ஒயின் மாதிரி படுக்க வைத்திருந்தேன். 43 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும், விஸ்கியை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்று இப்போதுதான் படித்தேன்.

கொஞ்சம் வடிகட்டி, துலிப் பூ வடிவக் கிளாஸில் ஊற்றி முகர்ந்தேன். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய விஸ்கிக்கே உரிய உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், வறுத்த வால்நட் எல்லாம் அழகாக வந்தது. ஆனால் அடியில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை. இருபது நிமிடம் ஆறவிட்டும் போகவில்லை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் பழவாசனை விரிந்தது, அந்த வாடையும் கூடவே தூக்கலானது.

இது கார்க்கினால் வந்த கெடுதலா, இல்லை பழைய பாட்டிலின் கழுத்துப் பகுதியில் மட்டும் இருக்கும் வாடையா? சில வாரம் விட்டால் தெளியுமா? காபி ஃபில்டர் தாளில் வடித்தால் எண்ணெய்ப் பசையும் சுவையும் குறையுமா? வேறு பாட்டிலின் கார்க்கைக் கழுவிப் போடலாமா, சின்னச் சின்ன கண்ணாடிப் பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி வைப்பது நல்லதா?

லேபிளில் 25 என்றால் உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதற்கே அந்த வயது. பீப்பாயில் இருக்கும்போதே வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போனபின் மிஞ்சியது அது. கொட்ட மனம் வரவில்லை. இப்போதைக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றி மூடி வைத்திருக்கிறேன்.