'எக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லா, நோர்ஸ் கடனா?

வடகரையான்:
முட்டையைக் குறிக்கும் 'எக்' ஸ்காண்டிநேவியரின் பண்டைய மொழியான பழைய நோர்ஸிலிருந்து வந்த கடன்சொல் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய ஆங்கிலச் சுவடிகளிலேயே அச்சொல் 'ஜி' எழுத்தில்தான் முடிகிறது. அந்த எழுத்தே பின்னாளில் வல்லொலி பெற்றது என்றால் போதாதா? அன்றாடம் அடுப்படியில் புழங்கும் சொல்லை எவராவது கடன் வாங்குவார்களா?

சொல்வேட்டை:
அந்த எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள், ஐயா. நாளைக் குறிக்கும் 'டே' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் அதே எழுத்தில்தான் முடிந்தது. ஆனால் அங்கே அதன் ஒலி யகரம், ஆகவேதான் இன்று எவரும் 'டெக்' என்பதில்லை. முட்டைக்கான சொல்லும் அவ்வாறே 'எய்' ஆயிற்று. ஜெர்மனின் 'ஐ', டச்சின் 'எய்' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஜெர்மானியத்தின் இரட்டை யகரம் நோர்ஸில் ககரமாகவும், அழிந்துபோன கிழக்கு ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் டகரமாகவும் இறுகியது; 16ஆம் நூற்றாண்டில் பதிவான கிரிமிய கோத்திக்கில் முட்டை 'அட' என்றிருப்பது இதனால்தான். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு ஆகியவை அடங்கிய மேலை ஜெர்மானிய மொழிகளில் இந்த இறுக்கம் நிகழவே இல்லை. அடுப்படிச் சொல் பற்றிக் கேட்டீர்கள்: நம் வீட்டுச் சாவியும் ஜன்னலும் போர்த்துகீசியர் தந்தவைதானே?

வடகரையான்:
ஒலி வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நோர்ஸ் பேசிய டேனியர் இங்கிலாந்தில் குடியேறியதும் சொல் மாறிவிட்டது என்பது சரியாகாது. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான கேக்ஸ்டன் 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில், தேம்ஸ் வழியே நெதர்லாந்தின் சீலாந்துக்குப் புறப்பட்டுக் காற்றில்லாமல் கரையிறங்கிய வணிகர்களுள் ஒருவர் 'எக்ஸ்' கேட்க, அந்த வீட்டுப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். அவருக்கும் தெரியாது, ஆகவே கோபம் வருகிறது. இன்னொருவர் 'எய்' என்பதன் பன்மையான 'எய்ரன்' என்றதும் அவளுக்குப் புரிகிறது. டேனியர் வந்து ஆறு நூற்றாண்டுகள் ஆன பிறகும் நிலை இதுதான்!

சொல்வேட்டை:
அது பரவலின் வரலாறு, பிறப்பின் வரலாறு அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் வேரூன்றிய சொல் தெற்கே வரத் தாமதமானது, அவ்வளவே. 'எய்ரன்' என்பதன் பன்மை விகுதியைப் பாருங்கள். 'சில்ட்ரன்' என்பதில் இன்றும் இருப்பது அதுவே. இன்னொன்று: ஒருவரைத் தூண்டிவிடுவதைச் சொல்லும் 'எக் ஆன்' முட்டைக்கு உறவில்லை, அது கூர்விளிம்பைக் குறிக்கும் 'எட்ஜ்' என்ற சொல்லின் நோர்ஸ் இணையிலிருந்து பிறந்த வினை.

வடகரையான்:
பிறப்பு நோர்ஸ்தான் என்று இருக்கட்டும், ஆனால் பழைய 'எய்' முற்றிலும் அழிந்துவிடவில்லை. இலண்டன்காரரைக் குறிக்கும் 'காக்னி'யின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். 'சேவல் முட்டை' என்பதே அதன் முதற்பொருள்.