புதுப்பிப்பு: மியூனிக்கில் ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் கச்சேரி பார்த்தாச்சு!

பாடகர் பிரையன் ஜான்சனுக்கு 76 வயதாகிறதே, குரல் தாங்குமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். தாங்கியது! தொடர்ந்து பாடினால் காது முழுவதுமாகக் கேட்காமல் போகலாம் என்று 2016-ல் மருத்துவர்கள் தடுத்த மனிதர் அவர். உச்சத்தில் கொஞ்சம் பிசிறு தட்டியது உண்மைதான். அந்த இடங்களையெல்லாம் கூட்டமே பாடி நிரப்பிவிட்டது.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஜூன் 2024, ஒலிம்பிக் மைதானம். இருட்டத் தொடங்கியதும் திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பாக மின்னும் பிளாஸ்டிக் கொம்புகள். எனக்கு முன்னால் ஒரு அப்பா, அவர் தோளில் மகள். இருவர் தலையிலும் கொம்பு, குழந்தைக்குப் பெரிய காதுமூடி வேறு. பள்ளிச் சீருடையில் 69 வயது ஆங்கஸ் யங் கிட்டாரோடு தனியாக நின்று வாசித்தபோது, அந்தக் குட்டி கண்ணை எடுக்கவே இல்லை. ஆங்கஸின் மறைந்த அண்ணன் மால்கம் ரிதம் கிட்டாரோடு நின்ற இடத்தில் இப்போது இன்னொரு அண்ணனின் மகன் ஸ்டீவி. ரிதம் அதே உறுதி, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், காதடைப்பான் தேவையா என்று கேட்டவருக்கு: கட்டாயம் எடுத்துப் போங்கள். கடைசிப் பாட்டுக்கு மேடையில் பீரங்கி முழங்கும்.