திருகோணமலையில் சூப்பர் 8 பிலிம் எங்கே வாங்கலாம்?

உவர்மலைக்காரி:

வணக்கம். அப்பாவின் சன்கியோ சூப்பர் 8 கமெரா, 8 மி.மீ. பிலிமில் அசையும் படம் எடுப்பது, தகரப்பெட்டிக்குள் இருந்து வெளியே வந்திருக்கிறது. லண்டனில் இருந்த பெரியப்பா 1978இல் லீவில் வந்தபோது கொடுத்தது. பிடிக்குள் இருந்த பற்றறிகள் கசிந்து பச்சை பிடித்துப் போயிருந்தன. வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, புது பென்டோர்ச் பற்றறி போட்டு விசையை அமர்த்தினேன். கர்ர் என்று ஓடுகிறது!

அம்மாவுக்கு இப்போது 78 வயது. வெள்ளிக்கிழமை தோறும் கோட்டை வாசலால் நடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவார். வழியில் நிற்கும் மான்களுக்கு அவரைத் தெரியும், சேலைத் தலைப்பை இழுத்துப் பார்க்கும். அந்த நடையை அப்பாவின் கமெராவாலேயே எடுக்க ஆசை. போனில் எடுக்கலாமே என்கிறான் மகன். எடுத்தும் இருக்கிறான். அது வேறு.

பிலிம்தான் இல்லை. போன சனிக்கிழமை பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி என்று அலைந்தேன். முதல் கடைப் பையன் மெமரி கார்ட் எடுத்து நீட்டினான். அடுத்த ஸ்டூடியோவில் 35 மி.மீ. றோல் ஒன்றை லாச்சிக்குள் இருந்து தேடிப் பிடித்தார்கள், பாவம். மூன்றாவது இடத்தில் ஒரு வயதானவர் நான் கொண்டுபோன பழைய பிலிம் கார்ட்ரிட்ஜை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். "புளிக்கேல்லை, நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்தார். ஏன் மணந்தார் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

அந்தக் கார்ட்ரிட்ஜில் கோடாக்ரோம் 40 என்று இருக்கிறது, கூடவே ஒரு மஞ்சள் உறை. புதுப் பிலிம் கிடைக்காவிட்டால் இதையே போட்டு எடுக்கலாமா?

கடற்காற்று:

அக்கா, உப்புவெளியில் எங்கள் வீட்டில் ஹை8 கசெட் ஐந்து பிரிக்காமல் கிடக்கிறது. காசு வேண்டாம், வந்து எடுங்கள்.

உவர்மலைக்காரி:

நன்றி தம்பி. ஆனால் அது வீடியோ நாடா, இதற்குள் போகாது. பெயரில்தான் எட்டு.

பழைய றீல்:

தங்கச்சி, முதலில் அந்தக் கார்ட்ரிட்ஜைக் கமெராவுக்குள் போடாதீர்கள். மீதியை பிறகு சொல்கிறேன் என்று விட்டால் போட்டுவிடுவீர்கள், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

அதன் ஒரு பக்கத்தில் சின்னச் சதுர வாசல் இருக்கும், பிலிம் தெரியும். அந்தப் பிலிமில் 'எக்ஸ்போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் முழுதும் எடுத்து முடிந்த றோல். இல்லாவிட்டால் பாதி எடுத்ததாகவும் இருக்கலாம், ஓட்டவே வேண்டாம். எப்படியும் கோடாக்ரோமை இனி நிறத்தில் கழுவ முடியாது. அதற்கென்று தனி இரசாயன முறை. உலகத்தில் அதைக் கடைசியாகச் செய்தது அமெரிக்காவில் கன்சாஸில் இருந்த ஒரு லாப், அவர்களும் 2010 டிசம்பர் 30ஆம் திகதியோடு கழுவப் பிலிம் ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். கறுப்பு வெள்ளையாகக் கழுவி எடுத்துத் தரும் இடங்கள் உண்டு. கனடாவில் பிலிம் ரெஸ்கியூ என்பவர்களுக்கு இதுதான் வேலையே.

அந்த ஐயா மணந்து பார்த்தது சரியான வேலை. அசிட்டேட் பிலிம் பழுதாகத் தொடங்கினால் வினாகிரி மணம் வரும்.

இனி கடை. பத்து வருடம் கலியாண வீடுகளில் கமெரா தூக்கித் திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன், திருமலையில் தேடிச் செருப்பைத் தேய்க்க வேண்டாம். கடையை விட்டுவிட்டு லாப்பை முதலில் தேடுங்கள். பிலிம் எப்படியாவது வந்து சேரும், எடுத்த பிறகு கழுவ ஆள் இல்லாவிட்டால் அதுவும் தகரப்பெட்டிக்குத்தான். இங்கே ஸ்டூடியோக்களில் இருந்த மெஷின் எல்லாம் 35 மி.மீ. அகலத்துக்குச் செய்தவை, 8 மி.மீ. அதில் ஓடாது. ரொறன்ரோ, பெர்லின், லண்டன் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா? நம் ஊரில் இல்லாத வீடு எது.

கோடாக் இன்னும் சூப்பர் 8 செய்கிறது. கலர் நெகடிவில் 50டி, 200ரி, 500ரி. டி என்றால் பகல் வெளிச்சத்துக்கு, ரி என்றால் மின்விளக்குக்கு. எக்டாக்ரோம் 100டி உண்டு, கறுப்பு வெள்ளையில் ட்ரை-எக்ஸ். கோட்டை வாசல் வெயிலுக்கு 50டி போதும். 500ரி என்று யாராவது வாங்கிக் கொடுத்தால் இரவுத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கச் சொல்லும்போது 'சூப்பர் 8' என்றே எழுதிக் கொடுங்கள். டபிள் 8 றோலும் பூஜியின் சிங்கிள் 8உம் உங்கள் கமெராவுக்குள் இருக்காது.

ஒரு விசித்திரம். கமெராவில் சூரியன், மின்குமிழ் என்று இரண்டு படம் போட்ட விசை இருக்கும். 50டி போட்டால் வெயிலில் நின்றாலும் மின்குமிழ்ப் பக்கம் வையுங்கள். பழைய பிலிம் மின்விளக்குக்குச் செய்தது, வெயிலில் எடுக்க உள்ளே ஒரு செம்மஞ்சள் வடிகட்டி வரும். பகல் பிலிமுக்கு அது வேண்டாம்.

50 அடி, வினாடிக்கு 18 பிரேம் என்றால் 3 நிமிடம் 20 வினாடி. அவ்வளவுதான் ஒரு கார்ட்ரிட்ஜ். பத்துப் பத்து வினாடியாக இருபது துண்டு. அம்மாவை முழுத் தூரமும் பின்தொடர்ந்தால் மான் வரும்போது பிலிம் இருக்காது.

பெர்லின் மழை:

பழைய றீல் அண்ணை சொன்னதோடு ஒன்று. இங்கே ஆன்டெக் என்ற லாப் சூப்பர் 8 கழுவுகிறது. கொண்டுவருபவரிடம் சொல்லுங்கள், பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றக் கூடாது, எக்ஸ்-ரே பிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். கைப்பையிலும் புது சி.டி. ஸ்கேனருக்குள் விடாமல், கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வந்ததும் பிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும் நாளன்று முதலே வெளியே வைத்து, குளிர் போன பிறகுதான் உறையைக் கிழியுங்கள். நம் ஊர் ஈரக்காற்று உடனே வேர்த்துவிடும்.

உவர்மலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சதுர வாசலைப் பார்த்தேன். எழுத்து இருக்கிறது, 'எக்ஸ்போஸ்ட்' தான்.

அம்மாவிடம் காட்டினேன். "அது கன்னியாவில எடுத்தது. நீ வெந்நீர்க் கிணத்தடியில வாளியைக் குடுக்கமாட்டன் எண்டு அழுத நாள். 83 வைகாசி. தபால்கந்தோருக்குக் கொண்டுபோகவேணும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர், பிறகு ஆருக்கு அந்த ஞாபகம்" என்றார். மஞ்சள் உறையில் அனுப்புபவர் இடத்தில் அப்பாவின் கையெழுத்தில் எங்கள் பழைய முகவரி இருக்கிறது. முத்திரை மட்டும் ஒட்டவில்லை.

அத்தான் ஆவணியில் ரொறன்ரோவில் இருந்து வருகிறார். 50டி இரண்டு சொல்லியாயிற்று. திரும்பும்போது பழையதைக் கொடுத்துவிடப் போகிறேன். கலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. வாளி நீலம் என்று எனக்கு ஞாபகம், அம்மா சிவப்பு என்கிறார்.

அண்ணை, எடுத்து முடிந்த பழைய றோலையும் கைப்பையில்தான் கொடுக்க வேண்டுமா?

பழைய றீல்:

ஓம். அதைத்தான் முதலில்.