வேலைக்கும் கேமுக்கும் ஒரே வயர் மவுஸ்: எதைப் பார்த்து எடுப்பது?

இரவாட்டக்காரன்:

வணக்கம். இப்போது வைத்திருக்கும் மவுஸில் இடது பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது. ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கத் தொட்டாலே திறந்துவிடுகிறது, ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவிடுகிறது, பிறகு அதைத் தேடி எடுப்பதே ஒரு வேலை. புதிதாக வாங்கப் போகிறேன், வயர் உள்ளதுதான் வேண்டும். சார்ஜ் ஏற்றினேனா, பேட்டரி தேய்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்க விருப்பமில்லை.

பகல் முழுக்க எக்செல், பிரவுசர், கொஞ்சம் கோடிங். இரவில் சிஎஸ் 2 (கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, துப்பாக்கிச் சூட்டு கேம்), விடுமுறை நாளில் ஏதாவது ஸ்ட்ராடஜி கேம். எல்லாவற்றுக்கும் ஒரே மவுஸ்தான், மாற்றி மாற்றிச் செருக முடியாது. என் கை மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 19 செ.மீ., கட்டைவிரலை விட்டு அகலம் 9 செ.மீ. உள்ளங்கை முழுவதையும் மவுஸ் மேல் சாய்த்துத்தான் பிடிப்பேன். இப்போது இருப்பது சின்னது, சுண்டுவிரல் எந்நேரமும் பேடில் உரசிக்கொண்டே இருக்கிறது, மாலை ஆனால் மணிக்கட்டின் வெளிப்பக்கம் வலிக்கிறது.

பெட்டியில் 8,000 டிபிஐ, 26,000 டிபிஐ என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். அதிகம் இருந்தால்தான் நல்லதா? சில மவுஸ் 60 கிராம், சில 120 கிராம், எது சரி? எல்லாவற்றுக்கும் மேல், சில வருடமாவது உழைக்குமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒற்றைத்தோட்டா:

டிபிஐ எண்ணை மறந்துவிடுங்கள் ப்ரோ. அது மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளிகள் கணக்கில் வரும் என்பது மட்டும்தான். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 26,000 டிபிஐ வைத்தால், மவுஸ் 2 மில்லிமீட்டர்கூட நகர வேண்டாம், கர்சர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும். அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 800 டிபிஐயில் அதே தூரத்துக்குக் கை ஏறக்குறைய 6 செ.மீ. நகரும், அதுதான் மனிதக் கைக்கான அளவு. சிஎஸ் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400 அல்லது 800தான் வைத்திருக்கிறார்கள்.

மவுஸ் நகர்வதை அடியிலிருந்து கவனிக்கும் சென்சார் விஷயத்தில் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360, அதற்குப் பின் வந்த 3389, 3395, லாஜிடெக்கின் ஹீரோ, இவற்றில் எது இருந்தாலும் சரி. வேகமாக இழுக்கும்போது குறி தவறுவது, கர்சர் தானாக எகிறுவது எல்லாம் இவற்றில் கிடையாது. இதற்கு மேல் சென்சாருக்காகத் தேடினால் நேரம்தான் வீண்.

போலிங் ரேட் என்று இன்னொரு எண் இருக்கும். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கணினிக்குத் தகவல் போகும், 1000 என்றால் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 125க்கும் 1000க்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியும். 8000 ஹெர்ட்ஸ் என்று விற்பது நல்லதுதான், ஆனால் பிராசஸருக்குச் சுமை கூடும், பழைய கணினியாக இருந்தால் கேம் திக்கும். 1000 போதும்.

எடை என் கணக்கில் 60லிருந்து 90 கிராமுக்குள். சிஎஸ்ஸில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைப்பீர்கள், 120 கிராம் இருந்தால் இரண்டு மேட்ச் முடிவதற்குள் கை சொல்லிவிடும். விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் போய் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கை வேகத்துக்கு ஏற்ப கர்சர் தூரம் மாறிக்கொண்டே இருக்கும், கைப்பழக்கம் வராது.

கட்டமும்கணக்கும்:

மேலே சொன்னது கேமுக்குச் சரி. ஆனால் சகோவுக்குப் பகல் முழுக்க எக்செல் என்பதை மறந்துவிடக் கூடாது, நேரக் கணக்கில் பார்த்தால் அதுதான் பெரிய பங்கு.

முதலில் வடிவம். உங்கள் சுண்டுவிரல் உரசுவது மவுஸ் குறுகலாக இருப்பதால்தான். வலது பக்கம் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து சாய இடமுள்ள, பின்பக்கம் உயர்ந்து உள்ளங்கையைத் தாங்கும் மவுஸ் வேண்டும். கை நீளத்தில் 60 சதவீதம் மவுஸ் நீளம் இருக்கட்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், உங்களுக்கு அது 11.4 செ.மீ. வரும். நகத்தால் பிடிப்பது போல விரல்களை மடக்கிப் பிடிப்பவர்களுக்கு அது பொருந்தும். உள்ளங்கையைச் சாய்ப்பவருக்குப் போதாது, 12 செ.மீ.க்கு மேல் பாருங்கள். ரேசர் டெத்ஆடர் 2006லிருந்து ஏறக்குறைய அதே வடிவத்தில் வந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். டெத்ஆடர் வி2 நீளம் 12.7 செ.மீ., எடை 82 கிராம். லாஜிடெக் ஜி403 ஹீரோ, ஸோவியின் ஈசி வரிசை எல்லாம் இதே மாதிரி வலது கைக்கென்று வளைத்த வடிவம்தான். ஈசியில் 1, 2, 3 என்று மூன்று அளவு இருக்கிறது, 1 தான் பெரியது. லாஜிடெக்கின் ஜி102 நல்ல மவுஸ், ஆனால் அது 11.7 செ.மீ.கூட இல்லை, உயரமும் குறைவு. நீங்கள் பிடிக்கும் விதத்துக்கு மறுபடி இதே சுண்டுவிரல் பிரச்சினைதான் வரும்.

அடுத்தது வீல். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆயிரக்கணக்கான வரிசை உள்ள ஷீட்டில் கீழே போக விரலால் டிக் டிக் என்று உருட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். லாஜிடெக் ஜி502, ரேசர் பாசிலிஸ்க் வி3 இரண்டிலும் வீலைத் தடையில்லாமல் சுழல விடலாம், ஒரு தட்டு தட்டினால் அதுபாட்டுக்கு ஓடும், விரலை வைத்தால் நிற்கும். இடம் வலமாகச் சாய்க்கவும் முடியும், அகலமான ஷீட்டில் பக்கவாட்டில் நகர இதைவிட வசதி கிடையாது. இதற்காக எடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஜி502 ஹீரோ 121 கிராம், பாசிலிஸ்க் வி3 ஏறக்குறைய 101.

அலுவலகக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையென்றால், அமைப்புகளை மவுஸுக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் நினைவகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸோவிக்கு மென்பொருளே கிடையாது, அடியில் இருக்கும் பட்டனால் டிபிஐயை மாற்றிக்கொள்ளலாம்.

சாலிடர்கம்பி:

மவுஸ் பழுது பார்ப்பவன் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன். என் மேஜைக்கு வருபவற்றில் சென்சார் போய்விட்டது என்று வருவது மிக மிக அரிது. வருவதெல்லாம் கிளிக் இரட்டிப்பது, கேபிள் அறுந்தது, வீல் பின்னோக்கிக் குதிப்பது, இவ்வளவுதான்.

கிளிக் ஸ்விட்சைத் திறந்தால் உள்ளே நகத்துண்டு அளவுக்கு ஒரு மெல்லிய செம்பு உலோகத் தகடு, வில் மாதிரி வளைந்து நிற்கும். அழுத்தும்போது அதன் நுனி சட்டென்று இறங்கிக் கீழே உள்ள முனையைத் தொடும். தொட்டதும் அப்படியே நின்றுவிடாது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சில முறை துள்ளித்தான் அடங்கும். இந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மவுஸின் சிப் சில மில்லிசெகண்டு காத்திருக்கும். தகடு தளர்ந்தாலோ, முனையில் அழுக்கும் களிம்பும் ஏறினாலோ, துள்ளல் அந்தக் காத்திருப்பு நேரத்தைத் தாண்டிவிடும். அப்போது ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிகிறது. உங்கள் மவுஸில் நடப்பது இதுதான். சில மவுஸ்களின் மென்பொருளில் அந்தக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக்கொள்ள வசதி இருக்கும், பழைய மவுஸை இன்னும் சில மாதம் ஓட்ட அது உதவும்.

இதற்கு நேரடியான தீர்வு ஆப்டிகல் ஸ்விட்ச். உலோகம் உலோகத்தைத் தொடுவதற்குப் பதிலாக ஒரு ஒளிக்கதிரை மறித்தோ விட்டோ கிளிக்கை அறியும். தொடும் முனை இல்லாததால் துள்ளலும் இல்லை, களிம்பும் இல்லை. மேலே சொன்ன டெத்ஆடர் வி2விலும் பாசிலிஸ்க் வி3யிலும் இந்த வகைதான் இருக்கிறது. சிலருக்கு அந்தக் கிளிக்கின் சத்தமும் அழுத்தமும் பிடிக்காது, உண்மைதான், ஆனால் உழைப்பு வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கே. பெட்டியில் 5 கோடி கிளிக், 7 கோடி கிளிக் என்று போடுவதை வைத்து இரண்டு ஸ்விட்சை ஒப்பிடாதீர்கள். அந்த எண்ணில் தகடு முறியாமல் இருக்கலாம், இரட்டிப்பது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

சாலிடரிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் சாதாரண ஸ்விட்ச் உள்ள மவுஸும் பரவாயில்லை. பெரும்பாலானவற்றில் ஒரே அளவில் மூன்று கால் உள்ள ஸ்விட்ச்தான், ஆம்ரான், கைல், ஹுவானோ என எந்த நிறுவனத்தின் ஸ்விட்சை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். ஏசுஸ் கிளாடியஸ் வரிசையில் சாலிடர் இல்லாமலே பிடுங்கிச் செருகும்படி வைத்திருக்கிறார்கள். திறப்பதற்கான ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குத் துண்டுகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும், அதைப் பிய்த்தால் பழையபடி ஒட்டாது, ஆகவே மாற்றுத் துண்டு கிடைக்கும் மாடலா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கேபிள் அறுவது எப்போதும் ஒரே இடத்தில், மவுஸுக்குள் நுழையும் வாயில். வெளியே தோல் நன்றாக இருக்கும், உள்ளே நான்கு மெல்லிய கம்பிகளில் ஒன்று முறிந்திருக்கும், ஒரு பக்கம் வளைத்தால் வேலை செய்யும், இன்னொரு பக்கம் வளைத்தால் நின்றுவிடும். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் அந்த வாயில் மடங்காமல் காக்கும் ரப்பர் உறை நீளமாக இருக்கிறதா, கேபிள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து வெளிவருகிறதா என்று பாருங்கள். பேடில் உரசாமல் வருவதால் இரண்டு லாபம், இழுவையும் குறையும், தேய்மானமும் குறையும். விறைப்பான ரப்பர் கேபிளைவிட ஷூ லேஸ் மாதிரி தொளதொளவென்று இருக்கும் துணிக் கேபிள் மேல்.

பக்கவாட்டில் ரப்பர் பூச்சு உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. கை வியர்ப்பவர்களுக்குக் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே போதும்.

இரவாட்டக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் டெத்ஆடர் வி2வா, பாசிலிஸ்க் வி3யா என்று வந்து நிற்கிறேன். எக்செல்லுக்காக வீலை நினைத்தால் பாசிலிஸ்க், சிஎஸ்ஸை நினைத்தால் டெத்ஆடர். இன்னொன்று, மணிக்கட்டு வலிக்குச் செங்குத்து மவுஸ் வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார்.

ஒற்றைத்தோட்டா:

செங்குத்து மவுஸில் சிஎஸ் வேண்டாம். கை குலுக்குவது போல முன்கை நிமிர்ந்து இருப்பதால் வேலைக்கு இதமாக இருக்கும், ஆனால் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் மவுஸைப் பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள், குறி நகர்ந்துவிடும். இரண்டில் ஒன்று என்றால் நான் டெத்ஆடர் என்பேன்.

கட்டமும்கணக்கும்:

நான் பாசிலிஸ்க் என்பேன். 101 கிராம் அப்படி ஒன்றும் பாறாங்கல் இல்லை, அடியில் உள்ள வழுக்குத் துண்டுகள் நன்றாக இருந்தால் தள்ளும்போது எடை தெரியாது, தூக்கும்போதுதான் தெரியும். சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் கூட்டினால் தூக்குவதும் குறையும். கட்டைவிரலுக்குத் தாங்கல் இருப்பதும் உங்கள் பிடிக்கு ஏற்றது.

வலியைப் பற்றி ஒன்று. மவுஸை மட்டும் மாற்றினால் போகாது. நம்பர் பேட் உள்ள முழு கீபோர்டா வைத்திருக்கிறீர்கள்? அது மவுஸை வலது பக்கம் வெகு தூரம் தள்ளிவிடுகிறது, தோள் விரிந்து, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நிற்கிறது, வெளிப்பக்கம் வலிப்பது அதனாலும் இருக்கலாம். கீபோர்டை இடது பக்கம் நகர்த்தி முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கும்படி மவுஸை வைத்துப் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. மேஜை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி வைக்காதீர்கள், முன்கை முழுவதும் மேஜையில் இருக்கட்டும். வலி மட்டும் இல்லாமல் விரல்கள் மரத்துப்போவது, இரவில் ஊசி குத்துவது போல இருப்பது என்று இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள், அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

இரவாட்டக்காரன்:

முழு கீபோர்டுதான். நகர்த்தி வைத்துவிட்டேன், இப்போதே தோள் தளர்ந்த மாதிரி இருக்கிறது. பகல் வேலைதான் அதிக நேரம் என்பதால் பாசிலிஸ்க் வி3 எடுக்கிறேன்.

சாலிடர்கம்பி:

நல்ல தேர்வு. வந்த அன்றே எல்லா பட்டனையும், வீல் கிளிக்கையும், வீலை இரு பக்கமும் சாய்ப்பதையும் சோதித்துவிடுங்கள். மெதுவாக ஒவ்வொன்றாக அழுத்தி இரட்டிக்கிறதா பாருங்கள், வீலை ஒரே திசையில் நீளமாக உருட்டி எதிர்த்திசையில் ஒரு அடி குதிக்கிறதா பாருங்கள். குறை இருந்தால் மாற்றித் தரும் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். பில்லின் படத்தை மெயிலில் போட்டு வையுங்கள், வாரண்டி கேட்கும்போது காகித பில்லில் எழுத்தே மங்கியிருக்கும். கேபிளை மேஜை ஓரத்தில் கிளிப் போட்டு நிறுத்தும்போது மவுஸ் பக்கம் ஒரு வளையம் தாராளமாக விடுங்கள், கை போகும் கடைசித் தூரம் வரை இழுத்துப் பார்த்தும் கேபிள் விறைக்கக் கூடாது. இரவு எடுத்து வைக்கும்போது கேபிளை மவுஸைச் சுற்றி மட்டும் சுற்றாதீர்கள், நான் சொன்ன அந்த வாயில்தான் மடங்கும்.